மாற்றலாகிப் போகும் குடும்பங்கள், மாறாத வீடுகள்

பட்டாளத்துக்குப் போனவருக்குத்தான் ஆபத்து, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறையும் வராது. எந்த நாட்டு ராணுவமும் தன் ஆட்களுக்கு வாய்விட்டுச் சொல்லாமலே கொடுக்கும் வாக்கு இது. அமெரிக்காவில் அந்த வாக்குக்கு ஒரு வடிவமே இருந்தது. முகாமுக்குள் வரிசை வரிசையாகக் குடும்ப வீடுகள், முன்னால் புல்வெளி, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடமும் மளிகைக்கடையும் மருத்துவமனையும், நுழைவாயிலில் துப்பாக்கியோடு காவல். கணவர் கடல் கடந்து போயிருக்கும் மாதங்களில் மனைவியும் பிள்ளைகளும் அங்கே பத்திரமாக இருப்பார்கள் என்பது நம்பிக்கை.

ஆனால் ஆபத்து நுழைவாயில் வழியாக வரவில்லை. குழாயில் வந்தது, சுவரில் படர்ந்தது, ஜன்னல் விளிம்பில் பொடியாக உதிர்ந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக நடக்கும் இந்தக் கதையில் வீட்டுக்காரர் மாறியிருக்கிறார், சட்டம் மாறியிருக்கிறது, உண்மை வெளியே வரும் வேகமும் மாறியிருக்கிறது. மாறாத சிலவும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று: லெஜூன் முகாமின் குழாய்த் தண்ணீர்

வட கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில் இருக்கிறது கேம்ப் லெஜூன். மரைன் படைக்காக 1941-ல் உருவான தளம். 1950-களின் தொடக்கத்தில் அங்கே குடும்பங்களுக்காக ஒரு குடியிருப்பு கட்டினார்கள். 1943-ல் பசிபிக்கில் மரைன்கள் ரத்தம் சிந்திப் பிடித்த தராவாவின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: தராவா டெரஸ். குடிக்கவும் குளிக்கவும் பக்கத்துக் கிணறுகளிலிருந்தே தண்ணீர்.

1953-ல் முகாமுக்கு வெளியே, சாலையோரமாக, ஒரு டிரை கிளீனிங் கடை திறந்தது. துணிகளில் கறை எடுக்க அங்கே பயன்படுத்திய ரசாயனம் பெர்குளோரோஎத்திலீன். அதன் கழிவு செப்டிக் தொட்டி வழியாக மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து, மெல்ல நகர்ந்து தராவா டெரஸ் கிணறுகளுக்குள் வந்து சேர்ந்தது. அதே முகாமின் இன்னொரு பகுதியான ஹேட்னாட் பாயிண்டில் தவறு வெளியார் செய்ததல்ல. இயந்திரங்களில் கிரீஸ் போக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன், பூமிக்கடியில் கசிந்த எரிபொருள் தொட்டிகளிலிருந்து வந்த பென்சீன் என்று எல்லாம் ராணுவத்தின் சொந்தக் கழிவுகள்.

இந்த ரசாயனங்களுக்கு நிறமில்லை. குடித்தால்தான் உடலுக்குள் போகும் என்றும் இல்லை. வெந்நீரில் குளிக்கும்போது ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். பாத்திரம் கழுவும்போது போகும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தண்ணீரிலும் இருக்கும். 1953 ஆகஸ்ட் முதல் 1987 டிசம்பர் வரை இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தியவர்கள் பத்து லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

எப்போது தெரிந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1980-81-ல் வேறொரு ரசாயனத்தைத் தேடிச் சோதனை செய்த ராணுவ ஆய்வகத்தின் வேதியியலாளர், தண்ணீரில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் ஏதோ கலந்திருக்கின்றன என்று அறிக்கையிலேயே எழுதி அனுப்பினார். 1982-ல் ஒரு தனியார் ஆய்வகம் அவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது. அந்த ஆண்டு ஹேட்னாட் பாயிண்ட் குழாய்நீர் மாதிரி ஒன்றில் டிரைகுளோரோஎத்திலீன் நூறு கோடியில் 1,400 பங்கு இருந்தது. இன்று அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 5 பங்கு. மோசமான கிணறுகளை மூடத் தொடங்கியதோ 1984-ன் கடைசியில். விஷத்தின் பெயர் அதிகாரிகளுக்குத் தெரிந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதே கிணறுகளின் தண்ணீர் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1985-ல் தராவா டெரஸ் குடும்பங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. சில ரசாயனங்கள் மிகச் சொற்ப அளவில் இருப்பதாக அது சொன்னது. படித்தவர் பயந்துவிடாத அளவுக்கு அளந்து எழுதப்பட்ட கடிதம்.

ஜெர்ரி என்ஸ்மிங்கர் மரைன் படையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு பணியாற்றி மாஸ்டர் சார்ஜெண்டாக ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் ரத்தப் புற்றுநோயால் 1985-ல், ஒன்பது வயதில் இறந்தாள். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நோய் இவளுக்கு மட்டும் எப்படி வந்தது என்று அவர் கேட்காத டாக்டர் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1997-ல், தொலைக்காட்சிச் செய்தியில் லெஜூன் தண்ணீர் பற்றிய ஆய்வைச் சொன்னபோதுதான் அவருக்கு விடையின் நுனி கிடைத்தது. முகாமிலிருந்து கடிதம் வரவில்லை. படைத் தலைமையிடமிருந்து தகவல் வரவில்லை. மகளைக் கருவுற்றிருந்த காலத்தில் அவர் மனைவி குடித்த தண்ணீரைப் பற்றி உள்ளூர் டிவி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

இத்தனை ஆண்டுகள் யாரும் ஒன்றோடொன்றை இணைத்துப் பார்க்காததற்குக் காரணம் மூடிமறைப்பு மட்டும் அல்ல. மாற்றல். மரைன் குடும்பம் ஓரிடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் இருக்கும். லெஜூனில் தண்ணீர் குடித்த குடும்பத்துக்குக் கலிபோர்னியாவில் நோய் தெரியும். ஜப்பானில் இருக்கும்போது கரு கலையும். ஓய்வுபெற்று ஒஹையோவில் குடியேறிய பிறகு சிறுநீரகப் புற்றுநோய் வரும். அங்கே பார்க்கும் டாக்டருக்கு அவர்கள் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்கத் தோன்றாது. குவார்ட்டர்ஸில் குடியிருந்து பழகியவர்களுக்கு இது புரியும். பெட்டி படுக்கையோடு நோயும் கூடவே கிளம்பிப் போய்விடுகிறது. நோய் தந்த வீடு மட்டும் அங்கேயே நிற்கிறது, அடுத்த குடும்பத்துக்குச் சாவி கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் குடும்பங்களைத் தேடிக் கடிதம் அனுப்பியாக வேண்டும் என்று கடற்படைக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டதே 2008-ல்தான். 2012 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் லெஜூனில் வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் குறிப்பிட்ட நோய்களுக்கு மருத்துவ உதவி தந்தது. அதன் ஒரு பகுதி என்ஸ்மிங்கரின் மகள் பெயரையே தாங்கியிருக்கிறது. 2017-ல் ரத்தப் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய், பார்க்கின்சன் உள்ளிட்ட எட்டு நோய்களை, லெஜூனில் பணியாற்றிய முன்னாள் வீரர்களுக்கு அந்தத் தண்ணீரால் வந்ததாகவே கொள்ளலாம் என்று அரசு ஏற்றது. 2023-ல் வெளிவந்த ஆய்வொன்று, லெஜூனில் இருந்த முன்னாள் வீரர்களையும் கலிபோர்னியாவின் பெண்டில்டன் முகாமில் இருந்தவர்களையும் ஒப்பிட்டது. லெஜூன்காரர்களுக்குப் பார்க்கின்சன் வரும் அபாயம் 70 சதவீதம் அதிகம்.

நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இன்னொரு சுவரில் மோதினார்கள். மாசு நடந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வழக்குப் போட முடியாது என்று வட கரோலினாவில் ஒரு காலவரம்பு இருந்தது. நோயே இருபது ஆண்டு கழித்து வருகிறது, உண்மையோ அதற்கும் பின்னால் வருகிறது, வழக்கை மட்டும் பத்து ஆண்டுக்குள் போட வேண்டுமாம். 2022 ஆகஸ்டில் வந்த புதிய சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதன்படி இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல்.

நடுவில்: வீட்டுக்காரர் மாறுகிறார்

1990-களில் அமெரிக்க ராணுவக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை பழையவை. ஒழுகும் கூரை, துருப்பிடித்த குழாய், உடைந்த ஹீட்டர். வீடுகளில் பாதிக்கும் மேல் குடியிருக்கத் தகுந்த தரத்தில் இல்லை என்பதைப் பாதுகாப்புத் துறையே ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் அரசுப் பணத்தில் செப்பனிட 20 பில்லியன் டாலர் வரை ஆகும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். துப்பாக்கிக்கும் விமானத்துக்கும் கேட்டால் கிடைக்கும் பணம் கூரைக்குக் கேட்டால் கிடைப்பதில்லை.

1996-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முகாம் நிலத்தைப் பெரும்பாலும் 50 ஆண்டுக் குத்தகைக்குத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுப்பது, வீடுகளை அவர்கள் பொறுப்பில் விடுவது. பழையதை இடிப்பதும் புதிது கட்டுவதும் பராமரிப்பதும் வாடகை வாங்குவதும் அவர்கள் வேலை. சிப்பாய்க்கு அரசு தரும் வீட்டு வாடகைப்படி நேராக நிறுவனத்துக்குப் போய்விடும். இன்று அமெரிக்காவுக்குள் இருக்கும் ராணுவக் குடும்ப வீடுகளில் 99 சதவீதம், ஏறத்தாழ இரண்டு லட்சம் வீடுகள், இந்த ஏற்பாட்டில்தான் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டால் நன்மையே விளையவில்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. பல முகாம்களில் பழைய வரிசை வீடுகள் போய் நல்ல வீடுகள் எழுந்தன. விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், சமூகக் கூடம் எல்லாம் வந்தன. முதல் பத்து ஆண்டுகளில் திட்டத்துக்கு நல்ல பெயரே இருந்தது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது, அது புதுப் பெயிண்டின் வாசனை போன பிறகுதான் தெரிந்தது.

முகாமுக்கு வெளியே வாடகைக்குக் குடியிருப்பவர், கூரை ஒழுகினால், வாடகையை நிறுத்தி வைப்பேன் என்று சொல்லலாம், மாநிலத்தின் வாடகைதாரர் சட்டத்தைக் காட்டலாம். முகாமுக்குள் இருப்பவருக்கு இரண்டுமே கைக்கு எட்டாதவை. வாடகை அவர் கைக்கே வருவதில்லை. பல முகாம்கள் மத்திய அரசின் தனி எல்லைக்குள் இருப்பதால் மாநிலச் சட்டங்கள் பலவற்றுக்கு அங்கே செல்லுபடி இல்லை. போதாக்குறைக்கு, மனைவி கொடுக்கும் புகார் கணவரின் மேலதிகாரி காதுக்குப் போகும். "உன் வீட்டம்மாவைக் கொஞ்சம் அடக்கிவை" என்ற தொனியில் ஒரு பேச்சு வரும். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் சிப்பாய்க்கு அது போதும்.

சுவருக்குள் என்ன இருந்தது

2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ராணுவ வீடுகளைப் பற்றி ஒரு தொடர் விசாரணையை வெளியிடத் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் போன்ற பழைய முகாம்களில் உரிந்து தொங்கிய பெயிண்டை அவர்கள் சோதித்தார்கள். அதில் ஈயம் இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பதை 1978-லேயே தடை செய்தாயிற்று. ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகளில் அடுக்கடுக்காக அடித்த பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது.

ஈயம் எப்படி உடலுக்குள் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பழைய மாதிரி மரச் சட்ட ஜன்னலை ஏற்றி இறக்கும்போது விளிம்பில் பெயிண்ட் உராய்ந்து நுண்ணிய பொடியாக உதிரும். தவழும் குழந்தை ஜன்னலடியில் கை ஊன்றும், அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயப் பெயிண்ட் சில்லு லேசாகத் தித்திக்கும் என்பதால் திரும்பவும் வைக்கும். குழந்தை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தால் ஒழியத் தெரியாது. ஆனால் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. மூளை வளரும் பருவத்தில் அது புத்திக்கூர்மையையும் கவனத்தையும் பறிக்கிறது, பறித்ததைத் திருப்பித் தர மருந்து இல்லை. சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவு கூடுதலாக இருந்ததை ராணுவ மருத்துவமனைகளின் பதிவுகளே காட்டின. நாட்டைக் காக்கப் போனவரின் பிள்ளை, நாடு கொடுத்த வீட்டில் ஈயம் தின்றது.

தெற்கு மாநிலங்களில் கதை வேறு. அங்கே புழுக்கம் அதிகம், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். குழாய்க் கசிவும் ஏசியின் ஈரமும் சுவர்ப் பலகைக்குப் பின்னால் தேங்க, கறுப்புப் பூஞ்சை படரும். பிள்ளைகளுக்கு நிற்காத இருமல், ஆஸ்துமா, மூக்கில் ரத்தம். புகார் கொடுத்தால் ஆள் வருவார், பூஞ்சைக்கு மேல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்குப் பூஞ்சை மறுபடி எட்டிப் பார்க்கும்.

2019 பிப்ரவரி 13 அன்று செனட் சபையின் விசாரணைக் கூடத்தில் ராணுவ வீரர்களின் மனைவிகள் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார்கள். அதே நாளில் வீட்டு நிறுவனங்களின் தலைவர்களும் பதில் சொல்ல வரவழைக்கப்பட்டிருந்தார்கள். ராணுவக் குடும்பங்களுக்கான ஓர் அமைப்பு அதற்குச் சற்று முன் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 17,000 பேர் பதில் எழுதியிருந்தார்கள். தனியார் வீடுகளில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அனுபவம் மோசம் என்றார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. நிறுவனங்களுக்குப் பராமரிப்பை ஒழுங்காகச் செய்தால் ஊக்கத்தொகை உண்டு. ஒழுங்காகச் செய்தார்களா என்பதற்கு ஆதாரம் பணிச்சீட்டு: எந்த வீட்டில், எந்தக் கோளாறு, எப்போது வந்த புகார், எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தது. அந்தச் சீட்டை எழுதுவதும் நிறுவனம், அதைக் காட்டி ஊக்கத்தொகை வாங்குவதும் நிறுவனம். பரீட்சை எழுதிய பையனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தது போன்ற ஏற்பாடு. பல பத்தாயிரம் ராணுவ வீடுகளைப் பராமரித்துவந்த பால்ஃபோர் பீட்டி கம்யூனிட்டீஸ் நிறுவனம், 2013 முதல் 2019 வரை பராமரிப்புப் பதிவுகளைத் திருத்தி ஊக்கத்தொகை வாங்கியதை 2021 டிசம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அபராதம் 33.6 மில்லியன் டாலர், திருப்பித் தர வேண்டிய தொகை 31.8 மில்லியன் டாலர். இவ்வளவுக்குப் பிறகும் சில முகாம்களில் அதே நிறுவனத்தின் குறைபாடுகள் தொடர்ந்தன என்று 2022 ஏப்ரலில் செனட் துணைக்குழு ஒன்று அறிக்கை தந்தது.

பொய்யான பணிச்சீட்டு பணமோசடி மட்டும் அல்ல. பூஞ்சை நீக்கியாயிற்று என்று எழுதிய சீட்டை நம்பித்தான் அடுத்த குடும்பம் தொட்டிலை அந்தச் சுவரோரம் போடுகிறது.

இன்று: ஹவாயில் பன்னிரண்டு நாள்

ஹவாயின் பேர்ல் ஹார்பரை அடுத்து ரெட் ஹில் என்ற எரிமலைப் பாறை முகடு. இரண்டாம் உலகப் போரின்போது அதைக் குடைந்து 20 ராட்சத எரிபொருள் தொட்டிகளை உள்ளே கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 1.25 கோடி கேலன் கொள்ளும். எதிரி விமானங்களிடமிருந்து எரிபொருளைக் காப்பாற்ற அருமையான யோசனை. ஆனால் தொட்டிகளுக்கு நூறு அடி கீழேதான் அந்தத் தீவின் குடிநீர் ஊற்று. 2014-லேயே ஒரு தொட்டியிலிருந்து 27,000 கேலன் கசிந்தது. உள்ளூர் மக்களும் குடிநீர் வாரியமும் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள்.

2021 மே மாதம் இயக்கிய முறையில் நேர்ந்த தவறால் சுமார் 20,000 கேலன் விமான எரிபொருள் தீயணைப்பு அமைப்பின் வடிகால் குழாய்க்குள் புகுந்தது. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிளாஸ்டிக் குழாய் பாரம் தாங்காமல் தொய்ந்து தொங்கியது. நவம்பர் 20 அன்று சுரங்கப் பாதையில் போன ஒரு வண்டி அந்தக் குழாயின் வால்வில் மோத, எரிபொருள் கொட்டியது. ஒரு பகுதி குடிநீர்க் கிணற்றில் கலந்தது. அந்தக் குழாயமைப்பை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர்.

குடிநீருக்கு ஆபத்தில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, நன்றி நவிலும் விடுமுறையை ஒட்டிய நாட்களில், வீடுகளில் குழாயைத் திறந்தால் பெட்ரோல் பங்க் வாசனை. குளியல் தொட்டித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் பளபளத்தது. பிள்ளைகளுக்கு வாந்தி, தொண்டை எரிச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. அப்போதும், தண்ணீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி இல்லை, நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம் என்ற பொருளில் தளத்தின் அதிகாரி குடியிருப்பவர்களுக்கு எழுதினார். பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இங்கேதான் அன்றும் இன்றும் பிரிகின்றன. லெஜூனில் அம்மாக்கள் கையில் கேமராவும் இல்லை, பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியும் இல்லை. ஹவாயில் உடனுக்குடன் படங்கள் பறந்தன. ஒரே தெருவில் பத்து வீடுகளில் ஒரே வாசனை என்பது சில மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாநில சுகாதாரத் துறை, கடற்படைக் குழாயமைப்பின் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. டிசம்பர் 2 அன்று தண்ணீரில் பெட்ரோலியம் இருப்பதைக் கடற்படை ஒப்புக்கொண்டது. கசிவிலிருந்து ஒப்புதல் வரை பன்னிரண்டு நாள். லெஜூனில் ஒரு தகப்பனுக்கு அதே அளவு உண்மை கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின, அதுவும் மகள் இறந்த பிறகு.

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஹோட்டல்களில் தங்க வைக்கப்பட்டன. அடுத்த சில வாரங்களில் மத்திய சுகாதார அமைப்பு எடுத்த கணக்கெடுப்பில் பதில் தந்த சுமார் 2,300 பேரில் 87 சதவீதத்தினர் புதிதாகவோ முன்னைவிட மோசமாகவோ ஏதாவது ஓர் உடல் தொல்லை வந்ததாகச் சொன்னார்கள். 2022 மார்ச்சில் ரெட் ஹில்லை நிரந்தரமாக மூடச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் உத்தரவிட்டார். வழக்கு 2024-ல் விசாரணைக்கு வந்தது. அரசு தன் பொறுப்பை மறுக்கவில்லை, பாதிப்பின் அளவைத்தான் மறுத்தது. 2025 மே மாதம் மாதிரியாக எடுத்துக்கொண்ட 17 பேருக்கு மொத்தம் சுமார் 6,80,000 டாலர் தரும்படி தீர்ப்பாயிற்று. அமெரிக்க இழப்பீட்டுக் கணக்கில் இது சிறிய தொகை. ஆனால் இவர்கள் சம்பவம் நடந்த நான்கே ஆண்டுகளுக்குள் தீர்ப்புப் பெற்றுவிட்டார்கள்.

மாறியது எது, மாறாதது எது

சட்டப் புத்தகத்தில் ஒரு பழைய பக்கம் இன்னும் கிழியவில்லை. 1947 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பைன் கேம்ப் முகாமில் வீரர் விடுதி தீப்பிடித்து லெஃப்டினன்ட் ஃபெரஸ் என்பவர் இறந்தார். அந்தக் கட்டடத்தின் ஹீட்டர் பழுது, பாதுகாப்பற்றது என்று தெரிந்தும் ஆட்களைத் தங்க வைத்தார்கள் என்பது மனைவி தரப்பின் புகார். 1950-ல் உச்ச நீதிமன்றம், பணி தொடர்பாக நேர்ந்த பாதிப்புக்காக ராணுவத்தில் இருப்பவர் அரசு மீது வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. 'ஃபெரஸ் கோட்பாடு' என்று பெயர் பெற்ற அந்தத் தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. ரெட் ஹில் தண்ணீரைக் குடித்த ஒரே வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் வழக்குத் தொடரலாம், சீருடையில் இருப்பவர் தொடர்வதற்கு அந்தக் கோட்பாடு குறுக்கே நிற்கிறது. பாதுகாப்பற்ற கட்டடம் ஒன்றிலிருந்து பிறந்த விதி, பாதுகாப்பற்ற வீடுகளைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கே தடையாக இருப்பது பெரிய வினோதம்.

மாறியதும் உண்டு. 2019 டிசம்பரில் வந்த சட்டம் ராணுவ வாடகைதாரர்களுக்கு உரிமைப் பட்டியல் ஒன்றைத் தந்தது. இப்போது அதில் 18 உரிமைகள் இருக்கின்றன. வீட்டுக்குள் குடியேறும் முன் அந்த வீட்டின் முந்தைய ஏழு ஆண்டுப் பராமரிப்பு வரலாற்றைக் கேட்டு வாங்கலாம். தகராறு ஏற்பட்டால் வாடகையைத் தனிக் கணக்கில் நிறுத்திவைக்கக் கேட்கலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. முப்பது ஆண்டுக்கு முன் முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருந்தவருக்குக் கிடைத்தது இப்போதுதான் உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கிறது.

என் பார்வையில் இவற்றில் மிகப் பெரியது அந்த ஏழு ஆண்டு வரலாறுதான். மாற்றல் பிரித்துவைத்த இரண்டை, வீட்டையும் நோயையும், அது மறுபடி ஒரே தாளில் கொண்டுவருகிறது. முன்பு குடியிருந்த பிள்ளைக்கு ஆஸ்துமா வந்த அறையில் எத்தனை முறை பூஞ்சைப் புகார் பதிவாகியிருக்கிறது என்று புதிதாக வருபவர் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தத் தாளை எழுதுவது இன்னும் பெரும்பாலும் நிறுவனம்தான். பொய்ச் சீட்டு எழுதியதாக ஒப்புக்கொண்டவர்கள் இருக்கும் துறையில் இது சின்ன விஷயம் அல்ல.

கடலுக்கு அப்பால் ஒரு பாடம்

அமெரிக்கா தனியாருக்கு வழி திறந்த அதே 1996-ல் பிரிட்டனும் 57,400 ராணுவக் குடும்ப வீடுகளை அன்னிங்டன் என்ற நிறுவனத்துக்கு 1.66 பில்லியன் பவுண்டுக்கு விற்றது. விற்ற வீடுகளையே வாடகைக்கு எடுத்தது. பராமரிப்புச் செலவு மட்டும் அரசின் தலையில். ஈரமும் பூஞ்சையும் அங்கேயும் தீராத புகார். வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பெரிய அளவில் புனரமைப்புத் தேவை என்று 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு சொன்னது. அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், எஞ்சியிருந்த 36,000-க்கும் மேற்பட்ட வீடுகளை ஏறத்தாழ 6 பில்லியன் பவுண்டு கொடுத்து அரசு திரும்ப வாங்கியது. விற்ற எண்ணிக்கையைவிடக் குறைந்த வீடுகள், மூன்றரை மடங்குக்கும் அதிக விலை.

அரசே வீட்டுக்காரராக இருந்தபோது லெஜூன் நடந்தது. நிறுவனம் வீட்டுக்காரரானபோது பொய்ப் பணிச்சீட்டு நடந்தது. கடற்படையே தண்ணீர் கொடுத்தபோது ரெட் ஹில் நடந்தது. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதை மாற்றுவது எளிது, இரு நாடுகளும் மாற்றிப் பார்த்துவிட்டன. குடியிருப்பவர் கையில் சோதனை முடிவும் பழைய பதிவும் வாடகையை நிறுத்தும் அதிகாரமும் இருந்தால், வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். அவை இல்லாவிட்டால் எவர் வந்தாலும் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்.

அமெரிக்கக் குத்தகைகள் பெரும்பாலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. அவை முடிய 2050-களாகும். குடும்பங்களோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. ஆக, ஒரே குத்தகைக் காலத்துக்குள் ஒரே வீட்டில் ஏறக்குறைய இருபது குடும்பங்கள் வந்து போகும். முதல் குடும்பத்தின் பிள்ளைக்கு என்ன வந்தது என்பது இருபதாவது குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். அதற்குத் தேவை மூன்றே காரியங்கள்: தண்ணீரையும் பெயிண்டையும் பூஞ்சையையும் வெளியார் வந்து சோதிக்க வேண்டும், அதன் முடிவு வீட்டோடு நிரந்தரமாக இருக்க வேண்டும், குடியேறும் முன்பே அது குடும்பத்தின் கைக்குக் கேட்காமலே வர வேண்டும். இதைச் செய்ய அடுத்த குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.